கிரந்தி, முட்டு, கரப்பான்: ஓ.பி.டி.யில் புதிதாய் உட்காருகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பிரதேச வைத்தியசாலைக்கு நியமனம் கிடைத்து வருகிற டொக்டரின் காதில் முதல் கிழமையே விழுகிற சொல் கிரந்தி. பிள்ளைக்கு உடம்பு தடித்தாலும் கிரந்தி, சொறிந்தாலும் கிரந்தி, வாயோரம் புண் வந்தாலும் கிரந்தி. நண்டு, இறால், சூரை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாம் கிரந்திச் சாப்பாடு. பாடப்புத்தகத்தில் இந்தச் சொல் கிடையாது. அதற்காகச் சிரித்துவிடாதீர்கள். சிரித்தால் அந்தத் தாய் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். "சரி, என்ன சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில தடிச்சது?" என்று கேளுங்கள். கிரந்தி என்ற மூட்டைக்குள் நாலைந்து வேறு வேறு வருத்தங்கள் கிடக்கும். அவிழ்த்துப் பிரிப்பதுதான் நம் வேலை.

இந்த வேலையில் நான் பார்த்தவரை இரண்டு பக்கமும் பிழை விடுகிறோம். ஒவ்வாமையே இல்லாத பிள்ளைக்கு அவசரப்பட்டு "இதெல்லாம் கொடுக்காதீங்க" என்று எழுதிவிடுகிறோம். உண்மையான ஒவ்வாமையில் மூச்சுக்குத் திணறுகிற பிள்ளைக்கு அட்ரினலின் போட யோசிக்கிறோம். முதலாவது பிழை மெதுவாகக் கெடுக்கும், இரண்டாவது அந்த இடத்திலேயே கொல்லும். ஆகவே இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் நாள்: அட்ரினலின் எங்கே இருக்கிறது?

கதிரையில் உட்காரும் முன் நேர்ஸிடம் எமர்ஜென்சி ட்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அட்ரினலின் அம்பியூல் (1:1000, அதாவது 1 மி.லீ.யில் 1 மி.கி.) இருக்கிறதா, காலாவதித் திகதி என்ன, பக்கத்திலேயே 1 மி.லீ. சிரிஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். அலுமாரி பூட்டியிருந்தால் இரவில் திறப்பு யாரிடம் இருக்கும் என்றும் கேட்டு வையுங்கள். பிறகு ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் அளவை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 6 மாதத்துக்குக் கீழ் 0.1 முதல் 0.15 மி.லீ., 6 மாதம் முதல் 6 வயது வரை 0.15 மி.லீ., 6 முதல் 12 வயது வரை 0.3 மி.லீ., அதற்கு மேல் 0.5 மி.லீ. தொடையின் வெளிப்பக்கத்துத் தசையில் போட வேண்டும். மனக்கணக்குப் போடுகிற நேரமில்லை அது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நானே பிழை விட்டவள். வேலைக்கு வந்த முதல் வருடம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஏழு வயதுப் பையன் ஒருவனை மோட்டார் சைக்கிளில் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருத்திக் கொண்டுவந்தார்கள். மத்தியானம் இறால் சாப்பிட்டிருக்கிறான். உதடு வீங்கி, வயிற்றில் தடிப்பு, இரண்டு தரம் சத்தி. குரல் கரகரத்திருந்தது. நான் செய்ததென்ன? சொறிவு அடக்குகிற பிரிட்டோன் ஊசியும் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டும் கேட்டுவிட்டு, கையில் நரம்பு தேடத் தொடங்கினேன். குளிர்ந்த சின்னக் கை, நரம்பு பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த நேர்ஸ் ஒன்றும் பேசாமல் அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். "டொக்டர், இதையும் போடுவமா?" என்றார். மரியாதைக்காக 'இதையும்' என்றார். 'இதை' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். தொடையில் போட்டு ஐந்து நிமிஷத்தில் பையன் தெளிந்த குரலில் தண்ணீர் கேட்டான்.

அந்த நேர்ஸுக்கு அது எப்படித் தெரியும்? பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றுகிற வார்டில் வருடக்கணக்காக நின்றவர். அந்த மருந்து ஏற்றும்போது கடுமையான ஒவ்வாமை வருவது நம் நாட்டில் சாதாரணம். வயல் சூழ்ந்த இந்த மாவட்டங்களில் அட்ரினலினின் குணத்தை நேரில் அதிகம் கண்டவர்கள் அவர்கள். புதிதாய் வருகிறவர் இந்த விஷயத்தில் அவர்களிடம் பழகலாம், வெட்கமில்லை.

சரி, எப்போது போடுவது? சாப்பிட்டோ கொட்டு வாங்கியோ மருந்து குடித்தோ கொஞ்ச நேரத்துக்குள் திடீரென்று மூச்சு, தொண்டை, இரத்தவோட்டம் இவற்றில் ஒன்று குழம்பினால் போடுங்கள். இழுப்பு, கரகரத்த குரல், நாக்கு வீக்கம், வெளிறித் துவண்டுபோதல் எல்லாம் இதில் சேரும். கைக்குழந்தை என்றால் திடீரென்று சத்தி எடுத்துச் சோர்வதே அடையாளமாக இருக்கலாம். உடம்பில் தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பத்துப் பேரில் ஒருவர் இருவருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து இருத்தலாம். ஒட்சிசன் கொடுங்கள். ஐந்து நிமிஷத்தில் குணமில்லையென்றால் இன்னொரு ஊசி. அப்புறம் நரம்பு தேடி, உடல் நிறையில் கிலோவுக்கு 10 மி.லீ. சேலைன். பிரிட்டோன் தடிப்புக்கும் சொறிவுக்கும் மட்டும், அதுவும் கடைசியில்.

குணமானதும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சில மணித்தியாலம் கழித்து இரண்டாவது தரமும் வரலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டோ, உங்கள் அம்புலன்ஸிலோ அனுப்புங்கள். அம்புலன்ஸ் வரை பிள்ளையை நடத்திக் கொண்டுபோக வேண்டாம். எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் விழுந்து பிள்ளை போய்விடலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரைக்கு வழி குறுகிவிட்டது, உண்மை. ஆனால் வாகரையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு இப்போதும் தூரம்தான். முதல் ஊசி உங்கள் கையால்தான் போடப்பட வேண்டும்.

கதை கேட்பது

இனி அவசரமில்லாத பிள்ளைகள். இங்கே இரத்தப் பரிசோதனையை விடக் கதைதான் துப்புத் தரும். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, முன்பு அதையே சாப்பிட்டபோது என்ன நடந்தது, வீட்டில் வேறு யாருக்காவது வந்ததா. உண்மையான சாப்பாட்டு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வரும், அதே சாப்பாட்டுக்கு ஒவ்வொரு தரமும் வரும். போன கிழமை நண்டு தின்று ஒன்றும் நடக்காத பிள்ளைக்கு, இந்தக் கிழமை நண்டு தின்ற மறுநாள் தடித்தால் நண்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு விலக்கு மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி. சிலருக்கு அது சில மணித்தியாலம் பிந்தி வரும். இரவு சாப்பிட்டுப் படுத்த பிள்ளை நடுச்சாமத்தில் தடித்து எழும்பினால் இறைச்சியைப் பற்றிக் கேளுங்கள். உண்ணி கடித்ததா என்றும் கேளுங்கள், இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்ற கேள்வி சூரை மீனுக்காக. ஒரே சட்டிக் கறி தின்ற மூன்று நாலு பேருக்கு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு சூடாகி, தடித்தால் அது ஒவ்வாமை அல்ல. பிடித்த மீன் வெயிலில் கிடந்ததால் அதில் ஹிஸ்டமின் (ஒவ்வாமையில் உடம்பே சுரக்கிற பொருள்) ஊறிவிட்டது. சமைத்தாலும் அது போகாது. ஹிஸ்டமின் எதிர் மருந்து கொடுத்தால் குணமாகும், "சூரை இனி ஆகாது" என்று எழுதத் தேவையில்லை. மீன் எத்தனை மணிக்கு வாங்கியது, ஐஸில் இருந்ததா என்று மட்டும் விசாரியுங்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் குடிக்கிறவர் வீட்டில் இருந்தால் அவரைச் சூரையிலிருந்து விலகியிருக்கச் சொல்லுங்கள். அந்த மருந்து ஹிஸ்டமினை உடம்பு உடைக்கவிடாது, அவருக்கு ரொம்ப மோசமாக வரும்.

சாப்பாடே காரணமில்லாத தடிப்புகள்தான் ஓ.பி.டி.யில் அதிகம். தடிமன், காய்ச்சலோடு வைரஸால் வருகிற தடிப்பு இரண்டு மூன்று நாள் வந்து வந்து போகும். அதற்கு செட்டிரிசின் போதும். தூக்க மயக்கம் குறைவு என்பதால் பிரிட்டோனைவிட நல்லது. அந்த மூன்று நாளில் பிள்ளை தின்ற எல்லாவற்றையும் தாய் ஒரு பட்டியலாகப் போட்டுக்கொண்டு வருவார். முட்டை, மீன், கச்சான் (நிலக்கடலை), பருப்பு... அத்தனையையும் நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் தட்டில் சோறும் உப்பும்தான் மிஞ்சும். "சாப்பிடக் கூடாது" என்று எழுதுவதும் ஒரு மருந்து எழுதுவது மாதிரித்தான். அதற்கும் பக்கவிளைவு உண்டு, கிளினிக் கொப்பியின் நிறைக் கோட்டில் அது தெரியும்.

தனியார் லாப்களில் ஒரே இரத்தத்தில் பல சாப்பாட்டுக்கு ஒவ்வாமை பார்த்து நீளமாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். தாய் அதைக் கொண்டுவந்து மேசையில் விரித்தால் கோபப்படாதீர்கள், காசு கொடுத்துப் பார்த்தது. ஆனால் ஒன்றை விளக்குங்கள்: பரிசோதனையில் 'பொசிட்டிவ்' என்றால் உடம்பு அந்தச் சாப்பாட்டை அடையாளம் கண்டிருக்கிறது என்பதுதான். தின்றால் வருத்தம் வரும் என்று அர்த்தமில்லை. அந்தப் பிள்ளை முட்டையை வழக்கமாகத் தின்று ஒன்றும் ஆகவில்லையென்றால், லாப் என்ன சொன்னாலும் முட்டை தொடரட்டும். கதையில் சந்தேகம் வந்த ஒன்றிரண்டு பொருளுக்கு மட்டும் பரிசோதனை கேளுங்கள். தின்னக் கொடுத்துப் பார்க்கிற சோதனையை வைத்திய நிபுணர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு விட்டுவிடுங்கள்.

முட்டையையும் கச்சானையும் ஒரு வயது, இரண்டு வயது வரை தள்ளிப்போடுகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னோம். லண்டனில் செய்து 2015இல் வெளியான ஆய்வு அதைக் கவிழ்த்தது. கரப்பானோ (எக்ஸிமா என்கிற தோல் வருத்தம்) முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே கச்சான் கொடுத்தபோது, ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆறு மாதத்தில் சோறு தொடங்கும்போது மீனும் நன்கு அவித்த முட்டையும் அரைத்த கச்சானும் சேரலாம். முழுக் கச்சான் கூடாது, புரைக்கேறும். கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு மட்டும் தொடங்கும் முன் பிள்ளை வைத்திய நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பசுப்பால் ஒவ்வாமை பற்றிச் சுருக்கமாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சந்தேகமென்றால் தாய் இரண்டிலிருந்து நாலு கிழமை பாலும் பால்மாவும் விட்டுப் பார்த்து, திரும்பக் குடித்தும் பார்க்க வேண்டும். திரும்பக் குடித்துப் பார்க்காமல் முடிவு கட்டுவது நம் வழக்கமான பிழை. ஆட்டுப்பால் மாற்று அல்ல.

முட்டும் பம்பும்

இழுப்பை இங்கே முட்டு என்பார்கள், தொய்வு என்றும் சொல்வார்கள். ஆஸ்துமா என்று சொன்னால் தாய் அழுவார், முட்டு என்றால் தலையாட்டுவார். எந்தச் சொல்லில் விளங்குகிறதோ அதையே எடுங்கள். பம்ப் (இன்ஹேலர்) பழகிவிடும், இருதயத்தைப் பாதிக்கும் என்று பயம். சிரப் குடித்தால் மருந்து உடம்பு முழுக்கப் போகிறது, பம்பில் கொஞ்சம் நேரே சுவாசப்பையில் இறங்குகிறது என்று சொல்லிவிட்டு, உங்கள் முன்னாலேயே ஒரு தரம் அடிக்கச் செய்து பாருங்கள். பத்து வீட்டில் எட்டு வீட்டில் பிழையாகத்தான் அடிப்பார்கள். இது புள்ளிவிபரமல்ல, என் ஆதங்கம்.

ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற குடுவை) வாங்க வழியில்லாத வீட்டுக்கு 500 மி.லீ. பிளாஸ்டிக் போத்தல் போதும். பம்பின் வாய் அளவுக்குக் கம்பியை வளைத்துச் சூடாக்கி, போத்தலின் அடியில் அதே வடிவத்தில் துளை போடுங்கள். பம்பின் வாய் இறுக்கமாக நுழைய வேண்டும், சுற்றிவர டேப்போ பசையோ வைத்து அடைக்கலாம். போத்தலின் வாயைப் பிள்ளை உதட்டால் கவ்விக்கொள்ளும். ஒரு தரம் அடித்து, ஐந்தாறு மூச்சு. மறுபடி பம்பைக் குலுக்கி அடுத்தது. கடும் முட்டென்றால் இப்படி 10 தரம் வரை அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளில் சோதித்தபோது, இப்படிச் செய்த அரை லீற்றர் போத்தல் கடையில் விற்கிற ஸ்பேசருக்குச் சளைக்கவில்லை. கழுவுவது சவர்க்காரத் தண்ணீரில். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காய வையுங்கள். துடைத்தால் போத்தல் மின்னேற்றம் பெற்று மருந்தை ஒட்டவைத்துக்கொள்ளும்.

கிழமையில் இரண்டு தரத்துக்கு மேல், இழுப்பை உடனே தணிக்கிற நீலப் பம்ப் தேவைப்பட்டாலோ இரவு இருமலில் எழும்பினாலோ, தினமும் எடுக்கிற ஸ்டீரொயிட் பம்ப் தொடங்குங்கள். எப்போது கூடுகிறது என்று கேட்டால் ஊர் வாழ்க்கை தெரியும்: மாரி அறுவடையில் சூடடிக்கிற தூசு, மில்லின் உமிப்புகை, கொசுவர்த்தி, சாம்பிராணி, வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் பூக்கிற பூஞ்சணம். பன்பாயில் படுக்கிற பிள்ளையை மெத்தைக்கு மாற்றச் சொல்ல வேண்டாம். வெயிலில் உதறிப் போடக்கூடிய பாய், தூசுப்பூச்சிக்குப் பழைய பஞ்சு மெத்தை மாதிரி வீடாவதில்லை.

கரப்பான்

மருந்து எழுதும் முன் ஒரு கேள்வி: இரவில் வீட்டில் வேறு யாரும் சொறிகிறார்களா? விரலிடுக்கைப் பாருங்கள். சொறிப்பூச்சி என்றால் வீடு முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து. கரப்பான் என்றால் குளித்த உடனே, ஈரம் காயும் முன், தாராளமாக எமல்சிஃபையிங் களிம்போ வெண்பரஃபினோ பூச வேண்டும். தேங்காயெண்ணெயும் பரவாயில்லை, வீட்டிலேயே இருப்பது. சிவந்த இடத்துக்கு மட்டும் ஸ்டீரொயிட் களிம்பு: முகத்துக்கு 1% ஹைட்ரோகோர்ட்டிசோன், பெரியவரின் விரல் நுனி நீளம் பிதுக்கியது, அவருடைய இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு. பார்மசியில் தாமாக வாங்குகிற பூஞ்சை, பக்டீரியா, ஸ்டீரொயிட் மூன்றும் கலந்த களிம்புகளைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். பாதி வருத்தம் அந்தக் குழாய்க்குள் இருக்கும்.

மருந்து ஒவ்வாமையிலும் ஒரு வேண்டுகோள். அமொக்ஸிசிலின் குடித்த நாளில் தடித்த பிள்ளைக்குச் சிவப்பு மையில் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று எழுதிவிட்டால் அது ஆயுளுக்கும் நிற்கும். அப்படிப் பெயர் வாங்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உண்மையில் ஒவ்வாமை இல்லை. எத்தனையாவது வேளை, எவ்வளவு நேரத்தில், எப்படிப்பட்ட தடிப்பு, மூச்சு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அடுத்த டொக்டருக்கு முடிவெடுக்க அது போதும். முட்டை ஒவ்வாமை என்று 9 மாத எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம், தாராளமாகப் போடலாம்.

எதிர்ப்புச் சக்தி

"புள்ளைக்கு சக்தி இல்ல டொக்டர், மாசம் ஒருக்காத் தடிமன்" என்பது தினமும் கேட்கிற முறைப்பாடு. நேர்சரிக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கு வருடம் ஆறு, எட்டுத் தடிமன் வருவது வழமை. இடையில் நன்றாக ஓடித் திரிந்து, நிறை ஏறினால் சக்தி இருக்கிறது. சக்தி சிரப் எழுதாதீர்கள்.

கவனிக்க வேண்டிய பிள்ளை வேறு மாதிரி இருக்கும். ஒரு வருடத்தில் இரண்டு நிமோனியா, நாலு காதுச்சீழ், ஒரு வயது தாண்டியும் வாயில் வெண்படை, திரும்பத் திரும்ப ஆழமான கட்டிகள், இரண்டு மாதம் மருந்து குடித்தும் மாறாத கிருமி, ஏறாத நிறை. தொப்புள்கொடி விழ ஒரு மாதத்துக்கு மேல் எடுத்ததா என்று கேளுங்கள். டோர்ச் அடித்துத் தொண்டையைப் பாருங்கள். அடிக்கடி கிருமி தொற்றுகிற ஆண்பிள்ளைக்கு டொன்சில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் அது பெரிய துப்பு. முழு இரத்தக் கணக்கில் எல்லோரும் வெள்ளை அணு மொத்தத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அதில் ஒரு வகையான லிம்போசைட்டின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு வயதுக்குள் 3,000க்குக் கீழ் என்றால் பிள்ளை வைத்திய நிபுணருக்கு அன்றைக்கே போன் எடுங்கள். மேல் பரிசோதனைகள் அவர் மூலம் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும்.

குடும்பக் கதை கேட்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. இந்தக் கரையில் குடி (குலம்) தாய்வழியில் வருகிறது, கல்யாணம் முடித்த பெண் பெரும்பாலும் தாய் வீட்டோடு இருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓ.பி.டி.க்கு வருவது அநேகமாக அம்மம்மா. இந்த வருத்தங்களில் சில தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருபவை. தாய்மாமன்மார் குழந்தையிலேயே தவறினார்களா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அந்த வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். சொந்தத்துக்குள் கல்யாணமா என்றும் கேளுங்கள், தாய் தகப்பன் இருவர் வழியாகவும் சேர்ந்து வருகிறவையும் உண்டு.

ஒருமுறை ஐந்து மாதப் பிள்ளை ஒன்றை மூன்றாம் தரம் நிமோனியாவோடு அனுப்பிவைத்தோம், காப்பாற்ற முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து அம்மம்மா தன் மருந்துக்கு வந்தபோது சும்மா கேட்டேன். "எனக்கும் ரெண்டு ஆம்பிளப் புள்ளையள் வருசம் முடியக்குள்ள தவறினது, மகள். கண்ணூறு எண்டாங்க" என்றார். அவருடைய மகள் அப்போது மறுபடி ஏழு மாதக் கர்ப்பம். பிறந்த உடனே காசநோய்த் தடுப்புக்குப் போடுகிற பி.சி.ஜி. உயிருள்ள கிருமி ஊசி. எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைக்கு அதுவே பரவிக் கொல்லும். போலியோ சொட்டும் அப்படித்தான், அந்த வீட்டின் மற்றப் பிள்ளைகளுக்கும் சொட்டுக்குப் பதில் ஊசிதான் போட வேண்டும். மிட்வைப்பைக் கூப்பிட்டுக் கர்ப்பக் கொப்பியின் முன் அட்டையில் எழுதினோம்: பி.சி.ஜி. போடும் முன் பிள்ளை வைத்திய நிபுணரிடம் கேட்கவும். பேனா மை காயும்வரை அவர் அட்டையை ஊதிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு விடியற்காலை மிட்வைப்பிடமிருந்து போன். "டொக்டர், மகன். மூண்டு கிலோ. ஊசி போடல்ல, ரத்தம் எடுத்திட்டாங்க."